லொக்அவுட் செய்தவர்களுக்குப் பூச்சியம்: ஓர் இணையத்தளத்தில் நேரம் கணக்கெடுத்த அனுபவம்

பின்னணி

2021 கடைசியில் இலங்கை மலையகத்து ஹட்டனைச் சேர்ந்த சில ஆசிரியர்கள் ஒன்றுகூடி, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதவிருந்த தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்காக ஒரு சின்ன இணையத்தளம் தொடங்கினார்கள். கணிதம், விஞ்ஞானம் என்று இரண்டே பாடம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடிய பாடசாலைகள் திறப்பதும் மூடுவதுமாக இருந்ததில், 2021ஆம் ஆண்டுக்கான பரீட்சையே 2022 மே மாதத்துக்குத் தள்ளிப் போயிருந்தது. பாடத்திட்டம் பாதியில் நிற்கும் பிள்ளைகளுக்கு ஒரு பிடிமானம் வேண்டும் என்பதுதான் நோக்கம்.

தளத்தைச் செய்து கொடுத்தது நான். என்னோடு ஒரு தம்பி, உயர்தரம் முடித்துவிட்டு வேலை பழகிக்கொண்டிருந்தவர். பிஎச்பி என்ற நிரல்மொழியும் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளமும், மாத வாடகைக்கு எடுத்த மலிவான சர்வர் இடமும் போதுமாக இருந்தது. திக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து 58 பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், ஒரு கடவுச்சொல். உள்ளே போனால் பாடக் குறிப்பு இருக்கும். அதைப் படித்துவிட்டுப் பல்தேர்வு வினாக்களுக்கு விடை போடலாம், கொப்பியில் செய்த பயிற்சியைப் படமெடுத்து ஏற்றலாம்.

பிள்ளைகளின் டேட்டாவுக்கு வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் சிலர் மாதாமாதம் ரீலோட் போட்டார்கள். பெப்ரவரி தொடக்கத்தில் அவர்களிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. யார் உண்மையாகப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிய வேண்டும், பிள்ளைகள் எத்தனை மணித்தியாலம் லொகின் ஆகி இருக்கிறார்கள் என்று சொல்ல முடியுமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். முடியும் என்று நான் உடனே பதில் அனுப்பினேன். எதற்காகக் கேட்கிறார்கள், அந்த எண்ணை வைத்து என்ன செய்யப் போகிறார்கள் என்று திருப்பிக் கேட்கவில்லை.

முதல் கணக்கு

ஒரு மாலை நேர வேலை அது. பயனர் எண், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் என்று ஒரு பதிவேடு. லொகின் ஆனதும் ஒரு வரி எழுதப்படும். லொக்அவுட் பொத்தானை அழுத்தினால் அதே வரியில் வெளியே போன நேரம் விழும். இரண்டையும் கழித்தால் நிமிடக் கணக்கு.

"அண்ணே, லொக்அவுட் பண்ணாமலே போயிட்டா?" என்று தம்பி கேட்டார். அதற்கும் ஒரு வழி சொன்னேன். அடுத்த தடவை அவர் லொகின் ஆகும்போது பழைய வரி திறந்தே கிடந்தால் அந்த நேரத்தைப் போட்டு மூடிவிடலாம். அப்படியே செய்தோம். பிறகு அறிக்கையை எடுத்துப் பார்த்தபோது சில கட்டங்கள் வெற்றாகவும் சிலவற்றில் மைனஸ் எண்களும் இருந்தன. சோதனைக்காக நாங்களே போட்ட பதிவுகளாக இருக்கும் என்று நினைத்து, வெற்று என்றாலும் மைனஸ் என்றாலும் பூச்சியம் காட்டு என்று ஒரு வரி சேர்த்தேன். அறிக்கை துப்புரவாக இருந்தது.

அனுசரணையாளர்கள், அதாவது ரீலோட் போட்ட அந்தப் பழைய மாணவர்கள், ஒரு விதி வைத்தார்கள். வாரத்துக்கு 4 மணித்தியாலம், மாதத்துக்கு 16. அதை எட்டியவர்களுக்கு மட்டும் அடுத்த மாத ரீலோட்.

பட்டியல் வந்த நாள்

மார்ச் முதல் வாரத்தில் பட்டியல் போனது. 58 பேரில் 21 பேர் வெட்டுப்பட்டிருந்தார்கள். மறுநாள் காலை கணித ஆசிரியர் என்னை அழைத்தார். "தம்பி, எல்லாப் பயிற்சியையும் செஞ்ச புள்ளையையே வெட்டியிருக்கீங்களே" என்றார்.

அவர் சொன்ன மாணவி அந்த மாதத்தில் வந்த எல்லாப் பயிற்சியையும் செய்து படம் ஏற்றியிருந்தாள். அவளுடைய நேரம் பூச்சியம். அதே பட்டியலில் ஒரு மாணவனுக்கு 214 மணித்தியாலம். பெப்ரவரியின் 28 நாளில் வகுத்தால் நாளொன்றுக்கு ஏழரைக்கும் மேல். அவன் ஒரு பயிற்சிகூடச் செய்திருக்கவில்லை.

அந்த மாணவியின் அம்மா கொழுந்து பறிப்பவர். அவர் சொன்னதாக ஆசிரியர் சொன்ன ஒரு வசனம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது: "மலையிலதான் கிலோ கொறஞ்சா அரைப் பேரு. புள்ள படிக்கிறதுக்குமா?" வெளியூர் வாசகருக்கு ஒரு குறிப்பு. தோட்டத்தில் ஒரு நாள் வேலை பதிவாவதைப் பேர் போடுவது என்பார்கள். குறித்த கிலோ வராவிட்டால் அன்று விழுவது அரைப் பேர். நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று 2021 மார்ச்சில் ஆன பிறகு இந்த அரைப் பேர்ச் சண்டை பல தோட்டங்களில் கூடியிருந்தது. பகல் முழுக்க மலையில் நின்றவருக்கு அரை நாள் என்று எழுதுவது எப்படி இருக்கும் என்று அந்த அம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பதிவேட்டில் கண்டது

அறிக்கையை விட்டுவிட்டு நேரே பதிவேட்டைத் திறந்து அந்த மாணவியின் வரிகளைப் பார்த்தேன். முதல் வரியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. உள்ளே வந்தது இரவு 8.10. வெளியே போனது அதே நாள் பிற்பகல் 2.59. வருவதற்கு ஐந்து மணித்தியாலத்துக்கு முன்பே போய்விட்டாள். கழித்தால் மைனஸ் 311 நிமிடம். அதைத்தான் நான் பூச்சியம் என்று மாற்றி அனுப்பியிருந்தேன்.

காரணம் சின்னது. உள்ளே வந்த நேரத்தை எழுதியது பிஎச்பி. அதில் இலங்கை நேரம் போட்டு வைத்திருந்தேன். லொக்அவுட் நேரத்தை மட்டும் தரவுத்தளத்திடமே 'இப்போது மணி என்ன' என்று கேட்டு எழுத விட்டிருந்தேன். அந்தச் சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடியது. இலங்கை அதற்கு 5 மணி 30 நிமிடம் முன்னால், அதாவது 330 நிமிடம். அவள் 8.10க்கு வந்து 8.29க்குப் போயிருக்கிறாள். 19லிருந்து 330ஐக் கழித்தால் மைனஸ் 311. நேரத்தை எழுதும் அந்த இரண்டு நிரல் வரிகளையும் எழுதியது நான்தான். தம்பி இல்லை.

(ஐந்தரையைக் கையால் கூட்டிவிட்டால் போச்சு என்று நினைப்பவர்களுக்கு: இலங்கையின் நேரம் எப்போதும் ஐந்தரையாக இருக்கவில்லை. 1996 மே மாதம் ஆறரையாகி, அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறாகி, 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரைக்கு வந்தது. பழைய நேரமா புது நேரமா என்று கேட்டுக் கேட்டு பஸ் பிடித்த காலம் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது. எண்ணைக் கூட்டாமல் கொழும்பு என்ற வலயப் பெயரைக் கொடுத்தால் மென்பொருளே பார்த்துக்கொள்ளும்.)

இப்போது 214 மணித்தியாலத்துக்கும் விளக்கம் கிடைத்தது. லொக்அவுட் செய்யாதவர்களின் வரியை மூடியது அடுத்த லொகின். அதை எழுதியதும் பிஎச்பிதான், ஆகவே நேரக் குழப்பம் இல்லை. ஆனால் ஞாயிறு இரவு வந்து எதையோ தட்டிப் பார்த்துவிட்டுப் புதன் இரவு திரும்பி வந்தவருக்கு மூன்று நாள் முழுதாக ஏறியது. அப்படியாக, ஒழுங்காக வெளியேறிய ஒவ்வொரு பிள்ளைக்கும் பூச்சியம், போட்டது போட்டபடி போனவர்களுக்கு மலைபோல் மணித்தியாலம்.

வெட்டுப்பட்ட 21 பேரில் பெரும்பாலோர் லொக்அவுட் பொத்தானைத் தவறாமல் அழுத்தியவர்கள். அதற்கும் காரணம் இருக்கிறது. வீட்டில் ஒரே போன், பலர் பாவிப்பது. முடிந்ததும் லொக்அவுட் செய்ய வேண்டும் என்று ஜனவரியில் ஆசிரியர்களே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

உடனடியாக எடுத்த முடிவு

அன்றே பட்டியலை ரத்துச் செய்யச் சொன்னேன். கணக்கு பிழை, பிழை என்னுடையது, இந்த மாதம் 58 பேருக்கும் ரீலோட் போடுங்கள் என்று எழுதினேன். அவர்கள் போட்டார்கள். ஒருவர் மட்டும் "சரி, அப்ப சரியான கணக்கு எப்ப வரும்?" என்று கேட்டார்.

நேரத்தைத் திருத்தப் பத்து நிமிடம் போதும். அன்று மாலையே புதுப் பட்டியல் அனுப்பியிருக்கலாம், கை பரபரத்ததும் உண்மை. அனுப்பவில்லை. திருத்திய நேரத்தோடு பெப்ரவரி வரிகளை மறுபடி ஓட்டிப் பார்த்ததில், பொத்தானை அழுத்தி வெளியேறிய வரிகள் மொத்தத்தில் பாதிக்கும் குறைவு. மீதி எல்லாம் அடுத்த லொகின் மூடியவை. அவற்றின் உண்மையான முடிவு நேரம் எங்குமே பதிவாகவில்லை. அவற்றைச் சரிசெய்ய என்னிடம் எதுவும் இல்லை.

சர்வருக்கு என்ன தெரியும்

இதை அனுசரணையாளர்களுக்கு விளக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. வலைப்பக்கம் கேட்பதும் கொடுப்பதும் தொலைபேசி அழைப்புப் போல அல்ல, கடிதம் போல. பக்கம் கேட்டுக் கடிதம் வருகிறது, சர்வர் பதில் அனுப்புகிறது, அத்தோடு அதன் வேலை முடிந்தது. அந்தப் பக்கத்தைப் பிள்ளை வாசிக்கிறதா, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்குகிறதா என்று சர்வருக்குத் தெரியாது. வந்தவர் யார் என்று அடுத்த கடிதத்தில் அடையாளம் காணவே குக்கி, அதாவது உலாவியில் சர்வர் விட்டுவைக்கும் ஒரு சின்ன அடையாளக் குறிப்பு, தேவைப்படுகிறது. 1994இல் நெட்ஸ்கேப் உலாவியில் லூ மொன்டுல்லி அதைக் கொண்டுவந்ததே இந்த மறதிக்கு மருந்தாகத்தான்.

'லொகின் ஆகி இருப்பது' என்று நாம் சொல்வது அந்தக் குக்கியும் சர்வரில் கிடக்கும் ஒரு சின்ன செஷன் கோப்பும் ஒத்துப்போவதை. பிஎச்பியில் அந்தக் கோப்பின் வழமையான ஆயுள் 1440 வினாடி, அதாவது 24 நிமிடம். அதுவும் கறாரான 24 அல்ல. பழைய கோப்புகளைக் கூட்டித் தள்ளும் வேலை எப்போதாவதுதான் நடக்கும், யாராவது பக்கம் கேட்கும் தருணத்தில் நூற்றில் ஒரு தடவை, ஆயிரத்தில் ஒரு தடவை என்று. ஆளில்லாத தளத்தில் செஷன் ஒரு மணித்தியாலம்கூடத் தாங்கும். பலர் பகிரும் சர்வரில் எல்லோருடைய கோப்பும் ஒரே பெட்டியில் கிடந்தால் பக்கத்துத் தளத்தின் துடைப்பம் நம்முடையதையும் சேர்த்துக் கூட்டிவிடும். செஷன் சாகும்போது அது யாரிடமும் சொல்லிவிட்டுச் சாவதில்லை, பதிவேட்டில் எந்த வரியும் விழாது.

கூகுள் போன்ற பெரிய கணக்கெடுப்புக் கருவிகளும் இதே இடத்தில்தான் நிற்கின்றன. அவர்களுடைய பழைய முறையில் 30 நிமிடம் அசைவில்லாவிட்டால் வருகை முடிந்ததாக வைத்தார்கள். ஒரே ஒரு பக்கம் பார்த்துவிட்டுப் போனவர் அதை ஒரு மணித்தியாலம் வாசித்திருந்தாலும் அவருடைய நேரம் பூச்சியம்.

தோட்டத்துக்குப் போனது

மேசையிலிருந்து இதற்கு மேல் போக முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசிரியரோடு அந்த மாணவியின் தோட்டத்துக்குப் போனேன்.

போன் அவளுடைய அண்ணனுடையது. அவர் டவுனில் ஒரு கடையில் வேலை, ஏழரைக்கு மேல்தான் வீட்டுக்கு வருவார். லயத்துக்குள் (தோட்டத்து வரிசை வீடுகள்) சிக்னல் ஒரு கோடு வரும், போகும். பின்னால் ஏறினால் அம்மன் கோயில் மேடு, அங்கே மூன்று கோடு. இரவு எட்டு மணிக்கு அவளும் அம்மாவும் டோர்ச் எடுத்துக்கொண்டு அங்கே ஏறுவார்கள். லொகின் ஆகி அன்றைய குறிப்பைத் திறப்பாள். பக்கம் முழுதும் இறங்கும் வரை காத்திருந்து, முதல் நாள் செய்த பயிற்சியின் படத்தை ஏற்றுவாள். லொக்அவுட். பனி கொட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். வீட்டுக்கு வந்து, போனில் இறங்கியிருக்கும் குறிப்பைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவாள், பத்து மணி வரைக்கும். அவள் படிக்கும் நேரம் முழுக்க எங்கள் தளத்துக்கு வெளியே.

சீ.ஆர். கொப்பியைக் காட்டினாள். நான் தளத்தில் கறுப்பு வெள்ளையில் போட்டிருந்த வரைபடங்களை நிறப் பென்சிலால் கீறி வைத்திருந்தாள்.

எங்கள் சர்வருக்குத் தெரிந்தது 19 நிமிடம். அதுவும் நேரத்தைத் திருத்திய பிறகு.

இன்னொரு வீட்டில் வேறு கதை. அங்கே நள்ளிரவுக்குப் பிறகு கிடைக்கும் இரவு டேட்டாவை நம்பியே பையன் படிக்கிறான். 12 மணிக்கு அலாரம் வைத்து எழும்புவான். உலகப் பொது நேரத்தில் எழுதினால் அது முந்திய நாளின் மாலை. ஆகவே திங்கள் அதிகாலை படித்தது எங்கள் வார அறிக்கையில் ஞாயிற்றுக்கிழமைக்கு, அதாவது போன வாரத்துக்குப் போய்விடும். எந்த நேரத்தில் எழுதி வைத்தாலும் நாளாகப் பிரிக்கும்போது இலங்கை நேரத்துக்கு மாற்றியே பிரிக்க வேண்டும் என்பதை அந்த வீட்டில்தான் குறித்துக்கொண்டேன்.

மூன்று முயற்சிகள்

முதலில் எல்லா நேரத்தையும் உலகப் பொது நேரத்தில் எழுதி, காட்டும்போது மட்டும் இலங்கை நேரத்துக்கு மாற்றினோம். லொக்அவுட்டை நம்புவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பக்கம் கேட்கும்போதும் 'கடைசி அசைவு' நேரத்தைப் பதிந்தோம். இரண்டு அசைவுக்கு இடையில் 30 நிமிடம் தாண்டினால் புது வருகை. மூன்று நாளாகத் திறந்து கிடந்த வருகைகள் ஒழிந்தன. ஆனால் பக்கத்தைத் திறந்து 40 நிமிடம் கொப்பியில் எழுதுபவருக்கு அந்த 40ம் போனது. எல்லையை 60 ஆக்கினால் எழுதுபவரும் உள்ளே வருவார், போனை வைத்துவிட்டுப் போனவரும் உள்ளே வருவார். இந்த வேலையில் ஒரு நல்லது நடந்தது. பல பிள்ளைகள் விடைகளைப் போட்டு முடிக்கும் முன்பே செஷன் செத்து, 'மறுபடி லொகின் ஆகவும்' என்று வந்து, போட்ட விடை எல்லாம் அழிந்திருக்கிறது. யாரும் எங்களிடம் சொன்னதில்லை, தங்கள் பிழை என்று நினைத்திருக்கிறார்கள். செஷன் ஆயுளை இரண்டு மணித்தியாலமாக்கி, கோப்புகளுக்கு எங்களுக்கென்று தனிப் பெட்டி வைத்தோம்.

அடுத்தது, பக்கம் திறந்திருக்கும் வரை பின்னணியில் சர்வருக்கு ஒரு சின்னத் தட்டு, 'இன்னும் திறந்திருக்கிறது' என்று சொல்லும் ஒரு குட்டிச் செய்தி. 15 வினாடிக்கு ஒன்று என்று வைத்தோம். இரண்டு நாளில் மூன்று கோளாறு. ஒவ்வொரு தட்டுக்கும் இணைப்பைப் புதிதாகப் பிடிக்க வேண்டியிருந்ததால் மணித்தியாலத்துக்கு ஒரு எம்பிக்கு மேல் டேட்டா போனது. ரீலோட்டை அளப்பதற்காக ரீலோட்டைத் தின்னும் கருவி. இரண்டாவது, தட்டு வரும்போதெல்லாம் செஷன் புதுப்பிக்கப்பட்டு அது சாகவே இல்லை. ஒரு வீட்டில் அக்கா திறந்து வைத்த பக்கத்தில் மறுநாள் காலை ஏழாம் ஆண்டுத் தம்பி விளையாட்டாக எல்லா வினாவுக்கும் இரண்டாம் விடையைக் குத்தி அனுப்பிவிட்டான். மூன்றாவது, பக்கம் பின்னால் போனதும் உலாவி தட்டுகளைத் தாமதப்படுத்தும். குரோம் 2021 முதல், ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் பக்கத்துக்கு நிமிடத்துக்கு ஒரு தடவைதான் இடம் கொடுக்கிறது. எங்கள் எண்கள் ஏன் தத்தளித்தன என்பது அதைப் படித்த பிறகே விளங்கியது.

மூன்றாவதாக அதைத் திருத்தி எழுதினோம். நிமிடத்துக்கு ஒரு தட்டு, பக்கம் கண்ணுக்குத் தெரியும்போது மட்டும், செஷனைத் தொடாத தனி வழியில். பக்கம் மறையும் தருணத்தில் கடைசியாக ஒரு செய்தி. பக்கம் மூடப்படும் தருணத்தை நம்பிப் பயனில்லை, கைத்தொலைபேசிகளில் அந்தச் சமிக்ஞை பல தடவை வருவதே இல்லை. மறையும் சமிக்ஞைதான் ஓரளவு நம்பகமானது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது நல்ல கணக்கு. இதோடு நிறுத்தியிருப்பேன்.

ஆனால் அந்த வாரம் ஒரு மாணவனுக்கு ஓர் இரவில் ஆறு மணித்தியாலம் விழுந்தது. திரை அணையாதபடி போனை வைத்து, சார்ஜில் போட்டு, பக்கத்தைத் திறந்துவிட்டுத் தூங்கியிருக்கிறான். நான்கு மணித்தியால விதி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பையன் கெட்டிக்காரன். விதி கேட்டதைக் கொடுத்தான்.

மின்வெட்டு

மார்ச்சில் மின்வெட்டு நீண்டது. மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. கரண்ட் போய்ச் சற்று நேரத்தில் தொலைபேசிக் கோபுரங்களும் கைவிட்டன. தட்டுகள் வரவில்லை, எல்லோருடைய நேரமும் சரிந்தது. அந்த வார அறிக்கையைப் பார்த்தால் 58 பிள்ளைகளும் படிப்பை விட்டுவிட்டார்கள் என்று தோன்றும். ஆசிரியர்கள் கையில் ஒப்படைக்கப்பட்ட பயிற்சிகள் மட்டும் பெரிதாகக் குறையவில்லை. சிலர் வட்ஸ்அப்பில் படம் அனுப்பினார்கள், சிலர் தாளையே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுசரணையாளர்களுக்கு அனுப்பினேன். இணைய அழைப்பில் ஒரு மணித்தியாலம் பேசினோம். இறுதியாக எடுத்த முடிவு: ரீலோட்டுக்கும் லொகின் நேரத்துக்கும் தொடர்பில்லை. வாரத்துக்கு வரும் மூன்று பயிற்சியில் ஒன்றையாவது எந்த வழியிலாவது ஒப்படைத்தால் போதும். ஒன்றும் வராவிட்டால் வெட்டும் முன் ஆசிரியர் வீட்டுக்கு அழைத்துக் கேட்க வேண்டும். நேரத்தை எடுப்போம், ஆனால் 'குறைந்தது இவ்வளவு' என்றுதான் எழுதுவோம். தெரியாத இடத்தில் ஒரு கோடு, பூச்சியம் அல்ல.

மணித்தியாலம் வேண்டும் என்று முதலில் கேட்டவர் இதில் திருப்திப்படவில்லை. ஒப்படைத்த பயிற்சியைப் பார்த்து எழுதியிருக்கலாமே என்றார். எழுதலாம்தான். ஆனால் பார்த்து எழுதியது ஆசிரியரின் கண்ணுக்குத் தப்பாது, தூங்கும் போன் எங்கள் சர்வரின் கண்ணுக்குத் தப்பியது. அவர் ஏப்ரலோடு விலகிக்கொண்டார். மற்றவர்கள் தொடர்ந்தார்கள்.

பின்னர் நடந்தது

ஏப்ரல் பட்டியலில் ஒன்றும் ஒப்படைக்காதவர்கள் ஆறு பேர். ஆசிரியர்கள் அழைத்துக் கேட்டதில் நான்கு பேருக்குப் போனே இல்லை. ஒன்று உடைந்தது, ஒன்று அடகில், இரண்டு வேலைக்குப் போனவரோடு கொழும்புக்குப் போனவை. அந்த நால்வருக்கும் பாடங்களை அச்சடித்துக் கொடுத்தோம். ஒருவன் படிப்பை நிறுத்திவிட்டுக் கடை வேலைக்குப் போயிருந்தான். மற்றவனுக்கு விருப்பமில்லை. இந்த ஆறு பேரின் நிலைமையில் எதுவும் லொகின் நேரத்தில் தெரிந்திருக்காது.

214 மணித்தியாலப் பையன் ஏப்ரலில் நான்கு பயிற்சி கொடுத்தான்.

மே கடைசியில் பரீட்சை தொடங்கியது. அதற்கு முந்திய வாரம் அந்த மாணவியின் அறிக்கையில் இருந்தது 'குறைந்தது 1 மணி 50 நிமிடம்'. அவள் நிறப் பென்சிலோடு மூன்றாவது கொப்பியில் இருந்தாள்.

இன்னொரு முறை செய்தால்

எண்ணைக் கேட்பவரிடம் அதை எங்கே போடப் போகிறீர்கள் என்று முதலிலேயே கேட்பேன். தளம் எந்த நேரத்தில் சுறுசுறுப்பாக இருக்கிறது என்று அறியவென்றால் கடைசி அசைவுக் கணக்கே தாராளம். ஒரு பிள்ளையின் பணத்தைத் தீர்மானிக்கவென்றால் எந்த முறையும் போதாது.

மைனஸ் எண்ணை மறைக்க மாட்டேன். மைனஸ் வந்தால் அறிக்கையே நின்று என்னைக் கூப்பிட வேண்டும் என்று இப்போது எழுதி வைத்திருக்கிறேன். பெப்ரவரியில் அது இருந்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். தம்பியின் கேள்விக்கு அரை நிமிடத்தில் பதில் சொன்னதையும் செய்திருக்க மாட்டேன். ஒரு வரியின் முடிவு தெரியாவிட்டால் அதை வெற்றாகவே விட வேண்டும், அடுத்த லொகினைக் கொண்டு நிரப்பக் கூடாது.

பெற்றோரிடம் சொல்லாமல் தட்டுக் கணக்கைத் தொடங்கியது தவறு. அதே 2022 மார்ச்சில்தான் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், அந்த ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாக வந்தது. பிள்ளைகளைப் பற்றிய தரவை அது விசேட வகையில் வைக்கிறது. எந்த இரவில் எத்தனை மணிக்கு ஒரு வீட்டில் பிள்ளை விழித்திருந்தது என்பது எங்கள் பதிவேட்டில் இருக்கிறது என்று சட்டம் வராவிட்டாலும் யோசித்திருக்க வேண்டும். ஏப்ரலில் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, ஆசிரியர்கள் மூலம் ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்தோம். இரண்டு வீட்டார் வேண்டாம் என்றார்கள், அவர்களுக்குத் தட்டை நிறுத்தினோம். மற்றவர்களின் தட்டுப் பதிவுகள் 90 நாளில் தானாக அழியும்படி வைத்திருக்கிறோம். அந்த வேலை ஒழுங்காக ஓடியதா என்று மாதத்தின் முதல் நாள் தம்பி பார்க்கிறார்.